ஒன்பதாம் மாடிச் சுவிட்ச்

என்னைச் சிங்கப்பூருக்கு வரவழைத்தது ஒரு வெள்ளைப் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சுவரில் உள்ள பிளக்கில் செருகிவிட்டால் மூலையில் பச்சை விளக்கு எரியும். தெம்பனிஸில் எதிரெதிரே நிற்கும் இரண்டு அடுக்குமாடி புளோக்குகளில், தனியாக வசிக்கும் முதியவர்களின் வீடுகளில் அதை மாட்டியிருந்தார்கள். அவர்கள் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்துவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ அதை அமுக்க வேண்டும். செய்தி கம்பியில்லாமல் ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தாவித் தாவி, முன் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் முதியோர் நிலையத்துக்குப் போய்ச் சேரும்.

சில நேரம் சேரவில்லை என்பதுதான் சிக்கல். முன் புளோக் பெட்டிகள் ஒழுங்காக இருந்தன. பின் புளோக் பெட்டிகள் மட்டும் திடீரென்று மொத்தமாகக் காணாமல் போயின. காலையில் கொஞ்ச நேரம் போகும், சில சாயங்காலங்களில் வெகுநேரம் போகும், பிறகு தானாகவே வந்துவிடும். அந்த நேரத்தில் பின் புளோக்கில் யாராவது குளியலறையில் வழுக்கி விழுந்தால், பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் வலிப்பதுதான் மிச்சம்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். சமூக வலைப்பின்னல் ஆய்வு என்று ஒன்று உண்டு. ஓர் ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோலத்தில் எந்தப் புள்ளி முக்கியம் என்று கணக்குப் பார்ப்பார்கள். மனிதர்களுக்கான அந்தக் கணக்கைக் கம்பியில்லாப் பெட்டிகளுக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. கல்லூரியில் இதற்குப் பெரிய மரியாதை கிடையாது. "ஃபேஸ்புக் ஆராய்ச்சி எப்படிம்மா போகுது?" என்றுதான் எங்கள் முதல்வர் கேட்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இணையத்தில் நான் நிகழ்த்திய ஓர் உரையைக் கேட்டுவிட்டு நூர்ஜஹான் எழுதினாள். அந்தப் பெட்டிகளைச் செய்யும் சின்ன நிறுவனத்தில் அவள் பொறியாளர். நாகூர்ப் பக்கத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம், மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர்க்காரர்கள். அவள்தான் தன் மேலாளரிடம் மன்றாடி, இந்த டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்று வாக்குக் கொடுத்து, என்னை வரவழைத்தவள். நான் சொதப்பினால் திட்டத்தையே மூடுவதாக இருந்தார்கள். அவள் பேச்சுக்கும் அதற்குப் பிறகு அங்கே மதிப்பு இருக்காது.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அறிவிப்புப் பலகைகளில் தமிழ். வேறு மூன்று மொழிகளோடு சரிசமமாக உட்கார்ந்திருந்தது. நான் என்னவோ நேரில் போய் எழுதிவிட்டு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். சுங்க அதிகாரி என் பையைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கடலைமிட்டாய்ப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இவ்வளவு எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கோவில்பட்டிக்காரி வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போக மாட்டாள்" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, விட்டுவிட்டார்.

வெளியே நூர், தலையில் இளம்பச்சைத் துணி, கையில் குடை. "அக்கா, வந்துட்டீங்களா? ஹோட்டல் எங்கயும் ஓடிப் போகாது லா. மொதல்ல மக்கான்" என்றாள். மக்கான் என்றால் சாப்பாடு. தேக்கா சந்தையில் பராட்டாவும் மீன்குழம்பும் வாங்கித் தந்தாள். தேநீருக்கு 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப் பாலை ஊற்றி இனிக்க இனிக்க வரும் என்பது எனக்குத் தெரியாது. முதல் மடக்கில் பல் கூசியது. சர்க்கரையும் பாலும் வேண்டாம் என்றால் 'தே ஓ கோசோங்' என்று மந்திரம் மாதிரி சொல்ல வேண்டுமாம். மறுநாளிலிருந்து சொன்னேன், ஆனால் அந்த இனிப்புத் தேநீரையே நாக்கு தேடியது.

புதன்கிழமை காலை ரயிலில் வரச் சொல்லியிருந்தாள் நூர். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் நேராகத் தெம்பனிஸ், மாறவே வேண்டாம். நான் ஊரைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். பேருந்து வந்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் நின்ற சீனப் பெண், கையை நீட்ட வேண்டும் என்று நீட்டிக் காட்டினாள். எங்கள் ஊரில் கையை நீட்டி, ஓடி, கத்தினாலும் ஐம்பது அடி தள்ளித்தான் நிற்கும். இங்கே ஒரு விரல் அசைந்தால் காலடியில் வந்து நிற்கிறது.

மேலாளர் டான் ஒல்லியான மனிதர். பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. "ஃபேஸ்புக்கை வைத்து என் பெட்டியை எப்படிச் சரிசெய்வீர்கள்?" என்று கேட்டார். கடல் கடந்தும் அதே கேள்வி. அவர் கட்சி இதுதான்: முன் புளோக்கின் மின்தூக்கிப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. எல்லாப் பெட்டிகளையும்விட அதற்குத்தான் அக்கம்பக்கத் தொடர்பு அதிகம். அதற்கு வேலைப்பளு தாங்காமல் மூச்சு முட்டுகிறது, அதனால்தான் பின் புளோக் அறுந்து போகிறது. கையில் இருக்கும் ஒரே உபரிப் பெட்டியை அதற்குத் துணையாக மாட்டிவிடப் போகிறார்.

சுவரில் ரயில் வரைபடம் ஒட்டியிருந்தது. எழுந்து போய் அதன்மேல் விரலை வைத்தேன். "டோபி காட் நிலையத்தில் மூன்று வழித்தடங்கள் கூடுகின்றன. நாளைக்கு அதை மூடினால் நீங்கள் வேலைக்கு வர முடியாதா?" என்று கேட்டேன். சுற்றிக்கொண்டு வருவேன் என்றார். "எக்ஸ்போ நிலையத்தை மூடினால் ரயிலில் விமான நிலையம் போக முடியுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, முடியாது என்றார். அதைத் தாண்டி வேறு வழியே இல்லை. "அதிகம் பேரைத் தெரிந்த பெட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லாருடைய பேச்சும் எதன் வழியாகப் போயே தீர வேண்டுமோ, அந்தப் பெட்டியை நான் தேடுகிறேன்" என்றேன். டான் தேநீரை உறிஞ்சிவிட்டு, வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார்.

நூருக்கு நான் வேறு மாதிரி சொன்னேன். கல்யாண வீட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லாரையும் கைகூப்பி வரவேற்கும் மாமா ஒருவர் இருப்பார். அவரைத் தெரியாதவர் மண்டபத்தில் இருக்க மாட்டார். அவர் பாதியில் தூங்கப் போய்விட்டால் ஒன்றும் குடிமுழுகாது. மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் ஆகாத நேரத்தில், இரண்டு பக்கமும் போய்ப் பேசக்கூடிய ஒரே ஒரு அத்தை இருப்பாள். அவள் கோபித்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டால் தாலி ஏறாது. நூர் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க வீட்லயும் அப்படி ஒரு மாமி இருக்காங்க அக்கா. அவங்களுக்குக் காய்ச்சல்னா எங்க கல்யாணமே போஸ்ட்போன்."

எந்தப் பெட்டிக்கு எந்தப் பெட்டியின் குரல் கேட்கிறது என்ற பதிவுகளை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை முழுவதும் கணக்குப் போட்டேன். மதியம் நூர் வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறி அவலாகிவிட்டது. மூன்று மணிவாக்கில் திரையில் கோலம் முழுதாக விழுந்தது. முன் புளோக் ஒரு கொத்து, பின் புளோக் ஒரு கொத்து. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைப் புள்ளி: முன் புளோக், ஒன்பதாம் மாடி, மூலை வீடு. பின் புளோக்கின் எல்லாப் பேச்சும் அந்த வழியாகத்தான் வந்தது. அதற்குத் தொடர்பு மிகக் குறைவு. அதனால்தான் இதுவரை யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உடனே போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரர் கோவிந்தராஜு, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் ஆஸ்திரேலியாவில். "வாங்க வாங்க, கோப்பி குடிக்கிறீங்களா?" என்று எங்களை உட்கார வைத்துவிட்டுத்தான் யார் என்று கேட்டார். பெட்டி சமையலறைச் சன்னலை ஒட்டியிருந்தது. வெளியே பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மற்ற வீடுகளில் பெட்டிக்கும் பின் புளோக்குக்கும் நடுவே கனத்த கான்கிரீட் சுவர். இவருடைய சன்னல் மட்டும் பின் புளோக்கை நேருக்கு நேர் பார்த்தது.

எதிரே ஆறாம் மாடியில் ஒரு சன்னலில் சீன மூதாட்டி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கோவிந்தராஜு கையை ஆட்ட, அவரும் ஆட்டினார். "கோ ஆன்ட்டி. அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, ரெண்டு பேருக்கும் அரைகுறை மலாய் தெரியும். அது போதும்" என்றார். பெட்டி பளிச்சென்று பச்சையாக எரிந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு ஏன் அறுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நூரிடம் காட்டிக்கொள்ளாமல் கோப்பியைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோதனை. எல்லோரும் கீழே முதியோர் நிலையத்தில் திரையைச் சுற்றி நின்றோம். மின்தூக்கிப் பக்கத்துப் பெட்டியை அணைக்க வேண்டும். பின் புளோக் அறுந்தால் டான் சொன்னது சரி, அறுந்துபோகாவிட்டால் நான் சொன்னது சரி. டான் அணைக்கச் சொல்லி வாயைத் திறப்பதற்கு முன்பே பின் புளோக் முழுவதும் சிவப்பாகிவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை. "பாருங்கள். இன்றைக்கும் மூச்சு முட்டிவிட்டது" என்றார் டான். என் காது மடல் சுட்டது. கோவில்பட்டிக்குப் போய் முதல்வர் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் ஓடியது.

நூர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, ரெட்டா இருக்கறதுல ஒண்ணு பின் புளோக் இல்ல. கோவிந்த் அங்கிள் வீடு" என்றாள். சிவப்பான கும்பலோடு கும்பலாக அதுவும் இருந்தது. எத்தனையோ நாள் அது இப்படித்தான் கூட்டத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்பதாம் மாடிக்கு ஓடினோம். கதவில் பூட்டு. உள்ளே கும்மிருட்டு. பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி, இன்றைக்கு வெள்ளிக்கிழமையாயிற்றே, கோயிலுக்குப் போயிருப்பார் என்றார். கைபேசியில் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை.

அப்போது நூர் செய்ததை நான் மறக்க மாட்டேன். "பொத்தான் வேலை செய்யாதப்ப யாராச்சும் விழுந்துட்டா? நான் அங்க போறேன்" என்று பின் புளோக்குக்குப் போய், மேல்மாடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முதியவர் வீட்டுக் கதவாகத் தட்டி, நலமா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். நாலு வார்த்தைச் சீனம், மலாய், தமிழ், எந்த வீட்டில் எது தேவையோ அது. கடைசி மாடி முடிந்ததும் மறுபடி மேலேயிருந்து. கோவிந்தராஜு திரும்பி வரும் வரை அவள் உட்காரவே இல்லை. இந்தப் பெண்ணின் வாக்கைக் காப்பாற்ற நான் வந்திருக்கிறேன் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

கோவிந்தராஜு இருட்டிய பிறகு வாழைப்பழச் சீப்போடு வந்தார். அவர் கதவைத் திறந்து உள்ளே போய் ஏதோ தட்டினார். வீட்டில் விளக்கு எரிந்தது. கீழே திரையில் பின் புளோக் முழுவதும் ஒரே நேரத்தில் பச்சையானதாக டான் தொலைபேசியில் கத்தினார்.

"என்ன செஞ்சீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"மெயினப் போட்டேன், வேற என்ன? வெளிய போறப்ப எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போவேன். என் சம்சாரம் பழக்கினது. ஃபேன் ஒயர் புகைஞ்சு மேல் மாடில ஒரு வீடே கருகிப் போச்சும்மா, அன்னையிலேர்ந்து."

"ஃப்ரிட்ஜ்?"

"அதுல என்னா இருக்கு? தண்ணி பாட்டில்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையில் சந்தைக்குப் போனால் கொஞ்ச நேரம், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் வெகுநேரம். கதவைப் பூட்டுமுன் மெயின் சுவிட்சை அணைப்பது நம் ஆட்களுக்கு விளக்கு வைப்பது மாதிரி ஒரு கடமை. நானும்தான் கோவில்பட்டியில் மெயினை அணைத்தேனா என்று சந்தேகப்பட்டு, பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். அது எனக்கே தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

கீழே வந்து, டான் கையாலேயே மின்தூக்கிப் பக்கத்துப் பெட்டியை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். பின் புளோக் அசையவில்லை, பச்சையாகவே நின்றது. செய்திகள் வேறு பெட்டிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தன. டான் எழுந்து என் கையைக் குலுக்கினார். "ஃபேஸ்புக் வென்றுவிட்டது" என்றார். அன்று சிராங்கூன் சாலையில் வாழை இலை போட்டு இரண்டு ஆள் சாப்பாட்டை நான் ஒருத்தியே சாப்பிட்டேன். ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் கதையை முழுதாக இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் ஆரம்பித்தபோது அவர் சிங்கப்பூரில் இப்போது மணி என்ன என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நடக்க இடமில்லை. வாரம் முழுக்கக் கட்டடம் கட்டியவர்கள், கப்பல்பட்டறையில் வேலை பார்த்தவர்கள், எல்லோரும் ஊர்ப் பேச்சுப் பேச வந்திருந்தார்கள். ஒரு முச்சந்தியில் அறந்தாங்கிக்காரர்கள், இன்னொரு கடை வாசலில் சிவகங்கைக்காரர்கள். எந்த ஊர்க்காரர் எங்கே நிற்பார் என்று பெயர்ப்பலகை வைக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "கோவில்பட்டி ஆளுங்க எங்கப்பா?" என்று கேட்டேன். "அந்தா, நகைக்கடை முன்னாடி. போங்கக்கா" என்றான் ஒருவன். போனேன். மீதிக் கடலைமிட்டாய் முழுவதும் அங்கே தீர்ந்தது.

திங்கட்கிழமை நன்றி சொல்லலாம் என்று கோவிந்தராஜு வீட்டுக்குப் போனேன். கோப்பி தரவில்லை. பால் இல்லையாம். வெள்ளிக்கிழமை டான் அவரிடம், இந்தப் பெட்டியை அணைக்காதீர்கள், பின் புளோக்கே இதை நம்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். செலவில்லாமல் தீர்ந்தது என்று டானுக்குத் திருப்தி. இவரோ அன்றிலிருந்து வீட்டை விட்டு இறங்கவே இல்லை.

"பெட்டிய மட்டும் போட்டுட்டு மத்ததை ஆஃப் பண்ணிட்டுப் போகலாமே ஐயா?" என்றேன்.

"சுவிட்ச் ஒண்ணு போட்டிருந்தாலும் எனக்கு வெளிய கால் வைக்க வராதும்மா. பரவால்ல. அத்தனை பேரு உசிரு என் கையில இருக்குன்னு சொன்னாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, வாசல் காவலாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் நூரோடு கோ ஆன்ட்டியையும் பார்த்தேன். நூர் மலாயில் பேசித் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலிலிருந்து வந்ததும் கோவிந்தராஜு வீட்டுச் சன்னலில் விளக்கு எரியுமாம். அதைப் பார்த்ததும் ஆன்ட்டி தேநீருக்குத் தண்ணீர் வைப்பாராம். அவர் வாழைப்பழத்தோடு வருவார், ஒரு மணி நேரம் பேசுவார்கள். வாரத்தில் இவர் வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் அவர். காலையில் சந்தையிலிருந்து இவருக்குக் கீரை வாங்கி வருவதும் அவர்தான். "இப்போது ஏன் அவர் சன்னலை விட்டு நகர்வதில்லை? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பின் புளோக்கின் பொத்தான்களெல்லாம் வேலை செய்தன, கோ ஆன்ட்டி வீட்டுக்குத்தான் வர ஆள் இல்லை. என் கணக்கு அந்த மனிதரைக் கண்டுபிடித்தது, டான் அவரை நாற்காலியில் கட்டிப்போட்டார். ஒரு புள்ளியை நம்பி ஒரு புளோக் இருக்கிறது என்றால், அந்தப் புள்ளியைக் காவல் வைப்பது தீர்வு ஆகாது. இன்னொரு வழி போட வேண்டும். என் உரையில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வெற்றிக் களிப்பில் அதைச் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டேன்.

நேராக டானிடம் போய் அந்த உபரிப் பெட்டியைக் கேட்டேன். பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே என்றார். "அவருக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுத்தால்? அவர் மகன் அழைத்துப் போய்விட்டால்? உங்கள் புளோக்கை அவர் தலையில் கட்டிவிட்டுத் தூங்குவீர்களா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கோவில்பட்டி வெயில் அப்படி. நூர் என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, டானைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்: "பெட்டியை மாட்டுவோம். வெள்ளிக்கிழமை அங்கிள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகட்டும். பின் புளோக் அறுந்தால் திட்டத்தை நீங்கள் மூடிவிடலாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." டான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அலமாரிச் சாவியை நீட்டினார்.

அடுத்த இரண்டு நாட்கள் சன்னல் சன்னலாக அலைந்தோம். முன் புளோக்கில், இதுவரை பெட்டி மாட்டாத வீடுகளில், என் கணக்கில் இரண்டு இடங்கள் தேறின. ஓர் இடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் மாட்டேன் என்றார்கள். ஐந்தாம் மாடி மூலை வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சமையலறைச் சன்னலோரம் இருந்த அரிசி வேகவைக்கும் குக்கரை நகர்த்தி இடம் கொடுத்தார். எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவும் இல்லை. தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிக் கருவாடும் போட்டார். அந்தச் சோற்றுக்காகவே இன்னொரு பெட்டி மாட்டலாம் என்றேன். நூர் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. கோவிந்தராஜு வெள்ளை வேட்டி கட்டித் தயாராக நின்றார். கை மெயின் சுவிட்சில். "ஆஃப் பண்ணலாமாம்மா? நெசமாவா?"

"பண்ணுங்க ஐயா."

தட்டினார். வீடு இருண்டது. நூரின் கைபேசித் திரையில் அவர் புள்ளி ஒன்று மட்டும் சிவப்பாயிற்று. பின் புளோக் மொத்தமும் பச்சை. வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால், கீழே டான் தொலைபேசியில்கூட ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு என்றாள் நூர். கோவிந்தராஜுதான் முகம் சுருங்கிப் போனார். "ஒண்ணுமே ஆகலையே. அப்ப நான் இல்லாட்டியும் ஓடும், அப்படித்தானே?" என்று கேட்டுக்கொண்டே பூட்டை இழுத்துப் பார்த்தார். நாங்களும் கோயிலுக்கு வருகிறோம் என்றேன்.

லிட்டில் இந்தியாவில் அவர் வழக்கமாகப் போகும் கோயிலில் நல்ல கூட்டம். நூர் எதிர்க்கடையில் மாம்பழச்சாறு குடித்துக்கொண்டு காத்திருந்தாள். கோவிந்தராஜு கும்பிட்டு முடித்து, பழக்கடையில் ஒவ்வொரு சீப்பாகத் தூக்கிப் பார்த்து ஒன்றை வாங்கினார். வழக்கத்தைவிடப் பேச்சு குறைவு. திரும்பும்போது அவரை உற்சாகப்படுத்தலாம் என்று, வழி நான் காட்டுகிறேன், வலைப்பின்னல் படித்தவள் என்று முன்னே நடந்து, படியிறங்கி, நின்ற ரயிலில் எல்லோரையும் ஏற்றினேன். நாலைந்து நிலையம் தாண்டியதும் நூர் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இது தெம்பனிஸ் போகல. அப்படியே எதிர்ப் பக்கம் போகுது லா." இந்த ஊரில் என் படிப்புக்கு அவ்வளவுதான் மதிப்பு. இறங்கி, எதிர்ப்புறம் போய், கூட்டத்தில் ஒரு ரயிலை விட்டு, அடுத்ததில் ஏறினோம். நேரம் நன்றாக ஆகிவிட்டது.

ரயில் கிளம்பியதும் நூரின் கைபேசி அலறியது. முதியோர் நிலையம் மூடிய பிறகு வரும் அபாய அழைப்புகள் அவளுக்குத்தான் வரும். அவள் முகம் வெளிறிப்போயிற்று. "பின் புளோக். ஆறாம் மாடி. கோ ஆன்ட்டி பொத்தானை அமுக்கியிருக்காங்க." கோவிந்தராஜு கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். நூர் உடனே ஆன்ட்டியின் எண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார். நூர் மலாயில் வேகமாக ஏதோ கேட்டாள். கேட்டுக்கொண்டே போனவள் மெல்ல இருக்கையில் சாய்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல அங்கிள். உங்க வீட்ல வெளக்கே எரியலயாம். எப்பவும் வர்ற நேரம் தாண்டிடுச்சாம். நீங்க உள்ள விழுந்து கெடக்கறீங்களோன்னு பயந்து, ஒடனே ஆள் அனுப்பச் சொல்லிப் பொத்தானை அமுக்கியிருக்காங்க."

எனக்கு இரண்டு நொடி கழித்துத்தான் உறைத்தது. ஒன்பதாம் மாடியில் மெயின் அணைந்திருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. அப்படியும் பின் புளோக்கின் பொத்தான் சத்தம் நகரத்தின் மறுகோடியில் ஓடும் ரயிலுக்கு வந்துவிட்டது. நான் போட்ட புது வழியில் வந்த முதல் செய்தி அது. கல்லூரியில் என்னைக் கேலி செய்த அத்தனை பேரையும் அந்த ரயில் பெட்டியில் உட்கார வைத்துக் கேட்கச் செய்ய வேண்டும் போல இருந்தது. நெஞ்சு விம்மியது என்று எழுத வெட்கமில்லை, விம்மியது.

கோவிந்தராஜு கையை நீட்டி நூரின் கைபேசியை வாங்கி, ரயில் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி மலாயில் சத்தம் போட்டார். என்ன சொல்கிறார் என்று நூரைக் கேட்டேன்.

"அழாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகல, தண்ணிய அடுப்புல வைங்க, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்றாரு."